நாலு மாதக் குழந்தையோடு 500 கிலோமீட்டர் காரில் போகலாமா?

கேள்வி கேட்டவருக்கு நாலு மாதக் குழந்தை. 500 கிலோமீட்டர் தூரம். கணவர் ஓட்டுவார், இவர் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்து வருவார். மடியில் வைத்துக்கொண்டால் போதாதா, ராத்திரி கிளம்பினால் குழந்தை தூங்கிவிடுமே, அது நல்லதா, வழியில் பால் எப்படிக் கொடுப்பது, அழுதால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

போகலாம். நிறைமாதத்தில் பிறந்து, எடை ஒழுங்காக ஏறி, மூச்சில் தொந்தரவு எதுவும் இல்லாத குழந்தை என்றால் நாலு மாதத்தில் தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு விதியை மட்டும் கிளம்பும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கார் ஓடும்போது குழந்தை கார் சீட்டில்தான் (காரின் இருக்கை மேல் பொருத்துகிற, குழந்தைக்கென்றே தனிப் பட்டை வைத்த சின்ன இருக்கையில்தான்) இருக்க வேண்டும். குழந்தையை அதிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் கார் நிற்க வேண்டும். பாலுக்கு அழுதாலும் சரி, டயப்பர் நனைந்தாலும் சரி, இன்னும் பத்தே நிமிடத்தில் ஊர் வந்துவிடும் என்றாலும் சரி. எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது, மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு யோசித்தால் தானாகத் தெளிவாகும்.

மடியில் ஏன் கூடாது என்பதற்குக் கணக்கே போதும். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 14 மீட்டர். அந்த வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் தன் எடையைப்போல ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். ஆறரை கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 130 கிலோவாகக் கனக்கும். இதெல்லாம் நடந்து முடிய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எவ்வளவு பாசத்தோடு இறுக்கி அணைத்திருந்தாலும் எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. தாய் பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய உடம்பே குழந்தையை முன்சீட்டோடு சேர்த்து நசுக்கும். தன் பெல்ட்டைக் குழந்தையையும் சேர்த்துச் சுற்றிப் போட்டுக்கொள்வது இன்னும் மோசம். அப்போது குழந்தை தாயின் எடைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். உடம்போடு கட்டிக்கொள்கிற துணித்தூளியும் நடப்பதற்குத்தான், காருக்கு இல்லை.

கார் சீட் பின்நோக்கி இருக்க வேண்டும், அதாவது குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்த்தபடி. கைக்குழந்தைக்கு உடம்பை வைத்துப் பார்த்தால் தலைதான் பெரிசு. பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலை. அதைத் தாங்குகிற கழுத்தெலும்புகள் இன்னும் முழுசாக எலும்பாகவே ஆகவில்லை. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது கார் சட்டென்று நின்றால், உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் போகும். மொத்த இழுவையும் கழுத்தில் விழும். பின்நோக்கி இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றும் ஒன்றாகச் சீட்டில் அழுந்தும், விசை பரவிவிடும். ஐரோப்பாவில் பின்பற்றுகிற ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி 15 மாதம் தாண்டும்வரை பின்நோக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2018இல் வயதுக் கணக்கையே எடுத்துவிட்டது. அந்தச் சீட் தாங்கும் உயரமோ எடையோ எட்டும்வரை பின்நோக்கியே இருக்கட்டும் என்பதுதான் இப்போது அவர்கள் சொல்வது. இடம் பின்சீட்டுதான். ஏர்பேக் வேலை செய்கிற முன்சீட்டில் பின்நோக்கிய கார் சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் சீட்டின் முதுகில், குழந்தையின் தலைக்கு நேராக அடிக்கும். உயிரே போய்விடும்.

சீட் வாங்கினால் மட்டும் போதாது. பொருத்துவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பொருத்திப் பாருங்கள். பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டை ஒரு கையால் பிடித்து, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இறுக்கம் போதாது. முழங்காலாலோ கையாலோ சீட்டை அழுத்திக்கொண்டு, காரின் பெல்ட்டை இன்னும் இழுத்துப் பூட்டுங்கள். சாய்வு சரியா என்று காட்ட சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடோ சின்னக் குமிழோ இருக்கும். கார் சமதரையில் நிற்கும்போது அதைப் பாருங்கள், மேட்டில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் தப்பாகக் காட்டும்.

அடுத்து குழந்தையைக் கட்டுகிற பட்டை. பின்நோக்கிய சீட்டில் அது குழந்தையின் தோள் மட்டத்திலோ, அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கும் துளையிலிருந்து வர வேண்டும். பூட்டி, நுனியை இழுத்து இறுக்கிய பிறகு, கழுத்துக்குக் கீழே தோள்வரை ஓடுகிற காரையெலும்புக்கு மேலே பட்டையை ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் நெடுக்குவாக்கில் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து விரலுக்குள் வந்தால் தளர்வு, இன்னும் இழுக்க வேண்டும். விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கிளிப் இருக்கிற மாடல் என்றால் அது அக்குள் மட்டத்தில் இருக்கட்டும், வயிற்றுக்கு இறங்கக் கூடாது. தடித்த ஸ்வெட்டர், பஞ்சு வைத்த ஜாக்கெட் போட்டுப் பட்டையைப் பூட்டாதீர்கள். மோதலில் அந்தப் பஞ்சு அமுங்கிவிடும், பட்டை தளர்ந்து குழந்தை நழுவும். மெல்லிய உடுப்போடு கட்டிவிட்டு, குளிர் என்றால் மேலே போர்த்துங்கள்.

பழைய சீட் யாராவது கொடுத்தால், அது விபத்தில் மாட்டியதா என்பதும் சீட்டின் அடியில் அச்சிட்ட காலாவதித் தேதியும் தெரிய வேண்டும். இரண்டில் எது தெரியாவிட்டாலும் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். தலைக்கு வைக்கத் தனியாக விற்கிற தலையணை, மெத்தை எதையும் சேர்க்காதீர்கள். சீட்டோடு வந்தது மட்டும் போதும்.

அந்தத் தலையணையை வேண்டாம் என்பதற்குக் காரணம் மூச்சு. கைக்குழந்தையோடு போகிற நீண்ட பயணத்தில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான், பலருக்குத் தெரியாததும் இதுதான். சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது, மென்மையானது. தலையின் கனத்தால் மோவாய் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டால் குழாய் மடங்கும். குழந்தை திணறிச் சத்தம் போடாது, நன்றாகத் தூங்குகிற மாதிரியே தெரியும். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில், ஓடுகிற காரின் அதிர்வைச் செயற்கையாக உண்டாக்கி பச்சைக்குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படுத்திருக்கும்போது இருப்பதைவிட, அதிரும் கார் சீட்டில் சாய்ந்திருக்கும்போது ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் கார் சீட்டையே விட்டுவிடக் கூடாது. ஓடும் காரில் அதைவிடப் பாதுகாப்பான இடம் குழந்தைக்கு இல்லை. செய்ய வேண்டியது வேறு: பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடமாவது இருக்க வேண்டும். அடிக்கடி வெளியே எடுத்து மட்டமாகப் படுக்க வைக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயத்திலோ நுரையீரலிலோ பிரச்சினை உள்ள குழந்தை, தசைகள் தளர்வாக உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட பயணம் கிளம்பவே வேண்டாம். பல மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் கார் சீட்டில் உட்கார வைத்து, மூச்சும் ஆக்ஸிஜனும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

சரி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது? பிறந்து நாலைந்து வாரம்கூட ஆகாத குழந்தை என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம், அந்த வயதில் இவ்வளவு தூரம் தவிர்க்க முடியாத காரியத்துக்கு மட்டும் போகலாம். நாலு மாதத்தில் இரண்டு மணி நேரம்தான் எல்லை. ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது. நிறுத்துவது என்றால் ஐந்து நிமிடம் கதவைத் திறந்து வைப்பது இல்லை. குழந்தையை எடுத்து, விரிப்பில் மல்லாக்கப் போட்டு, கால் உதைக்கவிட்டு, கொஞ்சம் குப்புறவும் போட்டு, பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, துணி மாற்றி, மறுபடி கட்டுவதற்குள் 40 நிமிடம் ஆகிவிடும்.

இதை உங்கள் 500 கிலோமீட்டரில் போட்டுப் பாருங்கள். சராசரி 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஓட்டுவதற்கே எட்டு மணி நேரத்துக்கு மேல். ஐந்து நிறுத்தம் சேர்த்தால் இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆக, காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்வதாகத்தான் திட்டமிட வேண்டும். "மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவோம்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் நிறுத்தாமல் ஓட்டுவதும், அழுகிற குழந்தையை மடிக்கு எடுப்பதும் நடக்கிறது. என்னைக் கேட்டால் நடுவில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் போவேன். அப்படி முடியாவிட்டால் ஒரே நாளில் போகலாம், ஆனால் நேரத்தைத் தாராளமாக ஒதுக்கிக்கொண்டு.

ராத்திரிப் பயணம் வேண்டாம் என்றே சொல்வேன். குழந்தை தூங்கும், உண்மைதான். ஆனால் நாலு மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் அப்பாவும் பல மாதமாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். நள்ளிரவு தாண்டி விடியும்வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும், ஒரு கண் அசந்தால் போதும். அதோடு இருட்டில் பின்சீட்டில் இருக்கும் குழந்தையின் முகமும் தெரியாது, மோவாய் எங்கே இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பீர்கள்? விடியும் நேரத்தில், முழுப் பால் குடித்து ஏப்பம் விட்ட பிறகு கிளம்புங்கள். முதல் தூக்கம் நன்றாக வரும், வெளிச்சமும் வந்துவிடும். இரண்டு மணி நேரம் ஆன பிறகும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மனசு வராது. இந்த வயதில், எழுந்து அழுதாலும் பரவாயில்லை என்று எடுத்துப் படுக்கப் போடத்தான் வேண்டும்.

பால் விஷயத்துக்கு வருவோம். ஓடும் காரில் சீட்டின் மேல் குனிந்து தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது தாயின் பெல்ட் வேலை செய்யாது, பிரேக் போட்டால் இருவருக்கும் அடி. புட்டியில் கொடுத்தாலும் ஆபத்துதான். குலுங்கினால் புரையேறும், சட்டென்று நின்றால் புட்டி தொண்டையில் இடிக்கும். நிறுத்திவிட்டுக் கொடுங்கள். குடித்த உடனே சீட்டில் உட்கார வைத்தால் வயிறு மடங்கி அப்படியே கக்கிவிடும். தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்து, அதற்குப் பிறகு கட்டுங்கள்.

பால் பவுடர் கொடுக்கிறவர்கள் கரைத்து எடுத்துப்போக வேண்டாம். ஒவ்வொரு வேளைக்கும் அளந்த பவுடரைத் தனித்தனி டப்பாவில் போட்டு, கொதித்த தண்ணீரை நல்ல ஃபிளாஸ்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பவுடர் கிருமியற்ற பொருள் அல்ல. அதனால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கரைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கரைத்து, புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரைத்த பால் வெளியே இரண்டு மணி நேரம்தான் தாங்கும், குழந்தை வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பீய்ச்சி வைத்த தாய்ப்பால் 25 டிகிரிக்குள் நாலு மணி நேரம் இருக்கும், ஐஸ் பொதிகள் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம்வரை இருக்கும். வெயில் என்று தண்ணீர் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் தண்ணீர் கொடுத்தால் ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்புகூட வரலாம். தாகத்துக்கும் பால்தான், வெயிலில் இன்னும் அடிக்கடி. சிறுநீர் ஆறு மணி நேரமாகப் போகவில்லை, வாய் வறண்டிருக்கிறது, உச்சிக்குழி உள்ளே இறங்கியிருக்கிறது என்றால் பயணத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

டயப்பர் நனைந்திருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். கார் சீட்டில் குழந்தை மடங்கி உட்காருவதால் மலம் முதுகுப்பக்கம் ஏறி வெளியே வரும், அது எல்லாக் குழந்தைக்கும் நடப்பதுதான். குழந்தைக்கு மாற்றுடுப்பு ஒவ்வொன்றையும் தனிப் பையில் சுருட்டி வையுங்கள், உங்களுக்கும் ஒரு மேல்சட்டை. பட்டையில் பட்டுவிட்டால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். சோப்பில் ஊறவைப்பதும் பிளீச் போடுவதும் பட்டையின் பலத்தைக் குறைத்துவிடும். சீட் அழுக்காகாமல் இருக்க அடியில் துண்டு விரிக்காதீர்கள், பட்டையின் இறுக்கம் மாறிவிடும்.

வெயிலைப் பற்றிச் சொல்லும்போது நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 11 டிகிரி ஏறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கத்தானே, ஒரு நிமிடம்தானே என்று காரில் தனியாக விட்டுப் போகாதீர்கள். ஓட்டுகிறவர் தனியாகக் குழந்தையோடு போக நேர்ந்தால், கைப்பையையோ போனையோ பின்சீட்டில் குழந்தையின் பக்கத்தில் வையுங்கள். இறங்கும்போது எப்படியும் பின்கதவைத் திறந்தாக வேண்டும். களைப்பில் மறந்துபோவது அக்கறை இல்லாதவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை.

கார் வெயிலில் நின்றிருந்தால் முதலில் ஏசி போட்டுக் குளிரவிட்டு, பட்டையின் உலோகக் கொக்கியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள். சீட்டின் மேல் துணி போட்டு மூடாதீர்கள், உள்ளே காற்று ஓடாது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுகிற வலைத்திரை போதும். ஏசி காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம், வெளிக்காற்று உள்ளே வருகிற பொத்தானையும் அவ்வப்போது போடுங்கள். குளிருகிறதா புழுங்குகிறதா என்று அறிய கை கால்களைத் தொடாதீர்கள், அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள்.

அப்புறம் அழுகை. குழந்தை வீரிட்டு அழும்போது கார் ஓட்டுவது யாருக்கும் கஷ்டம். பின்னால் இருப்பவர் நெஞ்சில் கை வைத்து, குரல் கொடுத்து, பாடிப் பார்க்கலாம். அடங்கவில்லை என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். வெகு தூரத்தில் வாகனம் நிறுத்தும் இடம் இருக்கிறது, அதுவரை அழட்டும் என்று சிணுங்கலுக்கு வேண்டுமானால் விடலாம். மூச்சு வாங்கி அழுகிற குழந்தையை விடக் கூடாது. தூங்க வைக்க இருமல் மருந்தோ ஒவ்வாமை மருந்தோ கொடுப்பது எவ்வளவு பேர் சொன்னாலும் வேண்டாம். கைக்குழந்தையின் மூச்சை அது அமுக்கிவிடும். சில குழந்தைகளுக்கு அதே மருந்து நேர்மாறாக வேலை செய்து தூக்கமே வராமல் செய்துவிடும். விளையாட மென்மையான துணிப் பொம்மை ஒன்று போதும். கனமான எதையும் பின்சீட்டிலோ, பின்கண்ணாடிக்குக் கீழேயோ தளர்வாக வைக்காதீர்கள். மேலே போட்ட 20 மடங்குக் கணக்கு தண்ணீர் பாட்டிலுக்கும் பொருந்தும். மலைப்பாதையில் இறங்கும்போது காது அடைத்து அழும், ரப்பர் சூப்பானைக் (பேசிஃபையர்) கொடுத்தால் சப்பி விழுங்கும்போது காது திறந்துகொள்ளும்.

தடுப்பூசி போட்ட மறுநாள் கிளம்பாதீர்கள், காய்ச்சல் வரக்கூடும், எதனால் என்று வழியில் குழப்பமாகிவிடும். இரண்டு நாள் விட்டுப் போங்கள். இதைப் படிக்கிற யாருடைய குழந்தைக்காவது மூன்று மாதம் ஆகாமல் இருந்து, 38 டிகிரி காய்ச்சல் வந்தால், எந்த ஊராக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

தாயையும் இங்கே மறந்துவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு முதல் ஆறு வாரங்கள் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம். அந்தக் காலத்தில் பயணம் செய்கிறவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி நடக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ பொறுத்துப் பார்க்காதீர்கள். சிசேரியன் ஆனவர்கள் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை இடுப்பெலும்பின் மேல், தையலுக்குக் கீழே படும்படி போட்டுக்கொள்ளலாம். வலிக்கிறதே என்று போடாமல் இருக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் சீட்டோடு தூக்கிப்போய்க் கட்டிலில் வைத்துவிடத் தோன்றும். வேண்டாம். காருக்கு வெளியே சீட்டின் சாய்வு மாறிவிடும், மோவாய் மறுபடி நெஞ்சுக்கு வந்துவிடும், மெத்தையில் வைத்தால் கவிழவும் செய்யும். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பட்டையைப் பாதி தளர்த்திவிடுவது இன்னும் ஆபத்து. நழுவி இறங்குகிற குழந்தையின் கழுத்தில் அது மாட்டும். கழற்றி எடுத்து, மட்டமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். அங்கே உறவினர் காரில் எங்காவது போவதாக இருந்தால் சீட்டைக் கழற்றி அதில் மாட்டி, ஆட்டிப் பார்ப்பது, சாய்வு பார்ப்பது, கிள்ளிப் பார்ப்பது எல்லாம் முதலிலிருந்து செய்யுங்கள். ஒவ்வொரு காரின் பெல்ட்டும் ஒவ்வொரு மாதிரி பூட்டும்.